ஆற்றங்கரையின் இரு குழுக்கள்: கென்னத் கிரஹாமின் விலங்குப் புனைவில் குற்றமும் உடைமையும்

ஆய்வுச் சுருக்கம்

கென்னத் கிரஹாம் எழுதி 1908ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ என்னும் ஆங்கிலப் புனைவு, ஆற்றங்கரை விலங்குகளின் நட்பைக் கூறும் சிறார் நூலாகவே பெரிதும் பயிலப்படுகிறது. அந்நூலின் நிகழ்வுகளைக் குற்றம், தண்டனை, காவல், உடைமை ஆகிய கருத்துகளின் வழி நோக்கினால், ஆற்றங்கரைப் பகுதியின் மேலாண்மைக்காக இரு குழுக்கள் பொருதும் கதையாகவும் அது அமைவதைக் காணலாம். இரு குழுக்களும் கையாளும் வழிமுறைகள் ஏறத்தாழ ஒன்றே. எனினும் ஒரு குழுவின் செயல் ஆக்கிரமிப்பு எனவும் மற்றதன் செயல் மீட்பு எனவும் வாசகரால் ஏற்கப்படுகின்றன. இந்த ஏற்பைப் பனுவல் எவ்வாறு பெறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விலங்குப் புனைவு, விலங்குமாந்தர், குற்றக்குழு, உடைமை, காவல், ஒப்பிலக்கியம், பஞ்சதந்திரம்.

1. முன்னுரை

மனிதரைப் போல் உடுத்தும் உண்டும் வீடு கட்டியும் வாழும் விலங்குமாந்தர் நிறைந்த கற்பனை ஆற்றூர், அவ்வூரைத் தமக்குள் பங்கிட்டு ஆளும் பகைக்குழுக்கள், அக்குழுக்களுக்கு இடையே சிக்கும் எளியோர் என்னும் அமைப்பு இன்றைய படக்கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் மிகைபுனைவுகளிலும் பழகிப்போன ஒன்று. இவ்வமைப்பின் கூறுகளை நூறாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறார் நூலிலும் காணமுடிகிறது. ஆனால் அந்நூல் தன்னைக் குற்றக்கதையாக அறிவித்துக்கொள்வதில்லை. இனிய இல்லறக் காட்சிகளின் நடுவே வன்முறை நிகழ்கிறது.

குற்றக்குழு எனப்படுவதற்குரிய அடையாளங்களை இக்கட்டுரை ஐந்தாகக் கொள்கிறது. அவை: ஒரு நிலப்பகுதியைத் தன்னுடையதாகக் கருதி அங்கு நடமாடுவோர்க்குக் காவல் அளித்தல், பொதுச்சட்டத்தைவிட உறவையும் நட்பையும் மேலாகக் கொள்ளல், கடந்து செல்வோரிடம் பொருள் கேட்டல், தனக்கென ஆயுதப்படை வைத்திருத்தல், தலைமைக்கு வெளிப்படையான மரியாதை செலுத்தச் செய்தல். இவ்வைந்தும் கிரஹாமின் புனைவில் எத்தரப்பினரிடம் காணப்படுகின்றன என்னும் வினாவே இவ்வாய்வின் தொடக்கம்.

2. ஆசிரியரும் காலமும்

கிரஹாம் 1859ஆம் ஆண்டு எடின்பரோவில் பிறந்தார். தாய் இறந்தபின், தேம்ஸ் ஆற்றை அடுத்த குக்கம் டீன் என்னும் ஊரில் பாட்டியின் வீட்டில் சிறுவயதைக் கழித்தார். 1879இல் இங்கிலாந்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து 1898இல் அதன் செயலாளராக உயர்ந்தார். 1903ஆம் ஆண்டு நவம்பரில் வங்கிக்குள் நுழைந்த ஒருவர் அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார், குண்டுகள் படவில்லை. 1908இல் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் நூல் வெளியாயிற்று. மகன் அலஸ்டேருக்குச் சொல்லிய கதைகளும் 1907இல் எழுதிய கடிதங்களும் அதன் மூலங்கள் ஆகும்.

தொழிலாளர் எழுச்சி குறித்த நடுத்தர வகுப்பின் அச்சத்தைக் காட்டுவிலங்குகளின் படையெடுப்போடு இணைத்துக் காணும் வாசிப்பை, பீட்டர் கிரீன் 1959இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று ஆய்வு வலுப்படுத்தியது. துப்பாக்கி நிகழ்வை அப்படையெடுப்பின் நேரடி மூலமாகக் கொள்வதற்குப் பனுவலுக்குள் சான்று இல்லை. ஆகவே இக்கட்டுரை ஆசிரியரின் உள்ளக்கருத்தை விடுத்துப் பனுவலின் அமைப்பையே கருத்தில் கொள்கிறது.

3. நிலப்பாகுபாடு

கதையின் நிலம் மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஆற்றங்கரையில் நீரெலி, நீர்நாய், அங்கு புதிதாக வந்து சேரும் அகழெலி ஆகியன வாழ்கின்றன. செல்வத் தேரையின் மாளிகையும் ஆற்றோரத்திலேயே உள்ளது. ஆற்றுக்கு அப்பால் இருப்பது பெருங்காடு. அதில் வீசல், ஸ்டோட், ஃபெரெட் எனப்படும், கீரியை ஒத்த நீண்ட உடலுடைய சிறு ஊனுண்ணிகள் வாழ்கின்றன. காட்டுக்கும் அப்பால் உள்ளது அகன்ற உலகம். அதைப் பற்றிப் பேசவும் கூடாதென நீரெலி அகழெலிக்கு அறிவுறுத்துகிறது.

காட்டு விலங்குகளைப் பற்றிய முதல் மதிப்பீடு நீரெலியின் வாயிலாகவே வாசகரை அடைகிறது. அவற்றோடு தனக்குப் பழக்கம் உண்டு என்றும், சில வேளைகளில் அவை கட்டுமீறிவிடும் என்றும், முழுமையாக நம்புவதற்கில்லை என்றும் அது கூறுகிறது. அப்போது அவ்விலங்குகள் எக்குற்றமும் செய்திருக்கவில்லை. குற்றம் நிகழ்வதற்கு முன்பே குற்றவாளிகள் யாவர் என்பது வாசகர் மனத்தில் உறுதியாகிவிடுகிறது.

மாறாக, நூலில் முதன்முதலாகப் பொருள்பறிக்க முனைவது காட்டுவிலங்கு அன்று. தன் வளையை விட்டு வெளியேறி வயல்வழியே ஓடிவரும் அகழெலியை ஒரு முதிய முயல் தடுத்து, தனிவழியைக் கடப்பதற்கு ஆறு பென்ஸ் சுங்கம் கேட்கிறது. அகழெலி அதனைத் தள்ளிவிட்டு, மற்ற முயல்களையும் ஏளனம் செய்தவாறு செல்கிறது. நகைச்சுவையாகக் கடந்து செல்லும் இச்சிறு நிகழ்விலேயே அந்நிலத்தின் இயல்பு வெளிப்பட்டுவிடுகிறது. வழிக்கு உரிமையாளர் உண்டு. ஆனால் அவ்வுரிமையைக் காக்க வலிமையும் வேண்டும். வலிமையற்ற உரிமை நகைப்புக்கு இடமாகும்.

4. வளைக்கரடியின் காவல்

பெருங்காட்டின் நடுவே நிலத்தடியில் வளைக்கரடி வாழ்கிறது. முன்பு மனிதர் கட்டி வாழ்ந்து கைவிட்ட நகரமொன்றின் எச்சங்களில் அதன் வீடு அமைந்துள்ளது. அவ்வீட்டின் சுரங்கவழிகள் காட்டின் எல்லைவரை செல்கின்றன. குளிர்காலத்தில் காட்டில் வழிதவறி அஞ்சி ஒடுங்கும் அகழெலியைத் தேடி, நீரெலி இரு கைத்துப்பாக்கிகளோடும் ஒரு தடியோடும் வருகிறது. அவற்றைக் கண்டதும் வளைகளிலிருந்து எட்டிப்பார்த்த முகங்கள் மறைகின்றன. காட்டுக்குள் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய அடையாளச் சொற்களும் குறிகளும் உண்டு என நீரெலி விளக்குகிறது. ஆற்றங்கரையோர் ஆயுதமும் மறைமொழியும் உடையவர்கள் என்பது இங்குப் புலனாகிறது.

இருவரும் வளைக்கரடியின் வீட்டில் அடைக்கலம் பெறுகின்றனர். மறுநாள் அங்கு வரும் நீர்நாய், அகழெலியைப் பற்றிய செய்தி பெறுவதற்காக வழியில் ஒரு முயலைத் தலையில் அடித்து விசாரித்ததை இயல்பாகக் கூறுகிறது. பனியில் வழிதவறி வந்து உணவருந்தும் இரு முள்ளெலிச் சிறுவர்களுக்கு வளைக்கரடி ஆளுக்கு ஆறு பென்ஸ் கொடுத்துத் தலையைத் தட்டி அனுப்புகிறது. அவர்களும் பணிவோடு வணங்கிச் செல்கின்றனர். முயல் கேட்டுப் பெறமுடியாத அதே தொகை இங்குக் கொடையாக வழங்கப்படுகிறது. தன் நண்பர் எவரும் அப்பகுதியில் விரும்பியவாறு நடமாடலாம், அதற்கு இடையூறு நேர்ந்தால் தான் கேட்கும் என்னும் உறுதியையும் வளைக்கரடி அளிக்கிறது.

காவல், கொடை, பணிவு, செய்தி ஆகிய நான்கும் ஓரிடத்தில் குவிவதைக் கொண்டு வளைக்கரடியை அந்நிலத்தின் அறிவிக்கப்படாத தலைவன் எனலாம். அதன் ஆட்சி அன்பின் ஆட்சியாகத் தோன்றுவதற்குக் காரணம், நாம் அதை அடுப்பங்கரையில் விருந்தினராக அமர்ந்து காண்பதே ஆகும். அதே காவலைப் பெறாதவர்களின் கண்ணோட்டத்தில் அது எவ்வாறு தோன்றும் என்பதை நூல் இறுதிப் பகுதியில் மட்டுமே உணர்த்துகிறது.

5. தேரையின் குற்றமும் இரு தண்டனைகளும்

நூலில் நீதிமன்றத்தால் தண்டிக்கப்படும் ஒரே விலங்கு தேரை. தந்தைவழி வந்த மாளிகையும் பணமும் உடைய அது, ஏழு மோட்டார் வண்டிகளைச் சிதைத்தபின் நண்பர்களால் தன் வீட்டிலேயே சிறைவைக்கப்படுகிறது. வளைக்கரடியும் நீரெலியும் அகழெலியும் முறைவைத்துக் காவல் காக்கின்றனர். எந்த மன்றமும் இத்தண்டனையை விதிக்கவில்லை. நட்பே நீதிபதியாகவும் சிறைக்காவலராகவும் செயற்படுகிறது.

அச்சிறையிலிருந்து தப்பும் தேரை, ஒரு விடுதி முற்றத்தில் நின்ற பிறருடைய வண்டியைத் திருடிச் செல்கிறது. மனிதர் நடத்தும் மன்றம் அதனை விசாரித்து, திருட்டுக்குப் பன்னிரண்டு மாதமும் கடுவேக ஓட்டத்திற்கு மூன்றாண்டும் காவலரிடம் காட்டிய துடுக்குக்குப் பதினைந்தாண்டும் எனக் கணக்கிட்டு, வரும் பத்தொன்பதை இருபதாக முழுமையாக்குகிறது. உடைமையைக் கவர்ந்ததைவிட அதிகாரத்தை மதியாமையே பெருங்குற்றமாகக் கருதப்படுவதை இக்கணக்கு எள்ளலோடு காட்டுகிறது. சட்டத்தின் நடுநிலைமை குறித்த ஐயத்தை ஆசிரியரே இங்கு எழுப்பிவிடுகிறார் என்பது கருதத்தக்கது.

வண்ணார்பெண் வேடத்தில் சிறையிலிருந்து தப்பும் தேரை, வழியில் படகுக்காரியின் குதிரையைக் கவர்ந்து விற்கிறது; முன்பு திருடிய அதே வண்டியை மீண்டும் கைப்பற்றி ஓட்டிச் சேற்றுக்குட்டையில் வீழ்த்துகிறது. ஆற்றங்கரையை அடையும்போது அது தப்பியோடிய கைதி; புதிய குற்றங்களும் அதன் கணக்கில் சேர்ந்துள்ளன. நண்பர்கள் அதனைக் கடிந்துகொள்கின்றனர். ஆனால் காவலரிடம் ஒப்படைக்கும் எண்ணம் எவர்க்கும் எழுவதில்லை. நூல் முடியும்வரை எஞ்சிய தண்டனையைப் பற்றிய பேச்சே இல்லை.

6. கைப்பற்றலும் மீட்டலும்

தேரை சிறையிலிருந்த காலத்தில் அதன் மாளிகையை அகழெலியும் வளைக்கரடியும் காத்து வந்தன. ஒரு புயலிரவில் ஆயுதமேந்திய வீசல்கள் முன்வாயில் வழியாகவும், ஃபெரெட்டுகள் காய்கறித் தோட்டத்தின் வழியாகவும், ஸ்டோட்டுகள் கண்ணாடிப் பயிர்மனையின் வழியாகவும் நுழைந்து, அவ்விருவரையும் தடியால் அடித்து வெளியே தள்ளுகின்றன. பின்னர் அங்கேயே தங்கி உண்டு குடித்து, தாம் நிலையாகத் தங்க வந்துள்ளதாக வணிகர்களிடம் அறிவிக்கின்றன. இச்செய்திகள் அனைத்தும் நீரெலி தேரைக்குக் கூறும் கூற்றாகவே இடம்பெறுகின்றன. வாசகர் இந்நிகழ்வை நேரில் காண்பதில்லை.

மீட்புச் செயல் இதன் எதிரொளிபோல அமைந்துள்ளது. தேரையின் தந்தை வளைக்கரடியிடம் மட்டும் சொல்லிவைத்த சுரங்கவழி பயன்படுத்தப்படுகிறது. நீர்நாய் புகைபோக்கி துடைப்பவர் வேடத்தில் சென்று, வீசல் தலைவனின் பிறந்தநாள் விருந்து பற்றிய செய்தியை அறிந்து வருகிறது. அகழெலி வண்ணார்பெண் உடையில் சென்று, நூறு வளைக்கரடிகளும் ஆறு படகு நிறைய எலிகளும் படையெடுத்து வருவதாக ஸ்டோட் காவலர்களிடம் பொய்யச்சம் பரப்புகிறது. இரவில் நால்வரும் ஆயுதம் தாங்கிச் சென்று விருந்துக் கூடத்தில் பாய்ந்து தாக்குகின்றனர். சிறைப்பட்ட வீசல்கள் அறைகளைப் பெருக்கவும் படுக்கைகளை ஒழுங்குபடுத்தவும் ஏவப்படுகின்றன.

இரவு, எதிர்பாராத நுழைவு, ஆயுதம், அடி, வெளியேற்றம், பின்னர் விருந்து ஆகிய அனைத்தும் இரு நிகழ்வுகளுக்கும் பொது. ஒற்றும் வேடமும் பொய்ச்செய்தியும் மீட்போரிடம் மட்டுமே விரிவாகக் காட்டப்படுகின்றன. எனவே செயல்முறையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், சூழ்ச்சியில் மேம்பட்டவர்கள் ஆற்றங்கரையோரே. இரு செயல்களையும் வேறுபடுத்துவது வீடு யாருடையது என்னும் ஒரே கேள்வி. ஆகவே இந்நூலின் அறம் செயலைச் சார்ந்ததன்று, உடைமையைச் சார்ந்தது எனத் துணியலாம்.

7. ஏற்பை உருவாக்கும் உத்திகள்

வாசகரின் ஏற்பைப் பனுவல் மூன்று உத்திகளால் பெறுகிறது.

முதலாவது, பெயரிடல். நீரெலி, அகழெலி, தேரை, வளைக்கரடி ஆகிய இனப்பெயர்கள் தனிமாந்தரின் பெயர்களாக ஆளப்படுகின்றன. காட்டுவிலங்குகளோ பெரும்பாலும் பன்மையிலேயே குறிக்கப்படுகின்றன. அவற்றுள் மேலான வீசல் தலைவனுக்கும் பதவிப்பெயர் உண்டே தவிர, தனிப்பெயரும் தனிவீடும் கதையும் இல்லை. கூட்டமாகக் காட்டப்படுவோரின் துன்பத்தில் வாசகர் பங்குகொள்வது அரிது.

இரண்டாவது, கண்ணோட்டம். ஆற்றை முதன்முதலாகக் காணும் அகழெலியோடு நாமும் அந்நிலத்திற்குள் நுழைகிறோம். அதன் வியப்பும் அச்சமும் நம்முடையவை ஆகின்றன. தன் பழைய வளையின் மணத்தை நுகர்ந்து அகழெலி ஏங்கி அழும் பகுதி, வீடு என்பதைச் சொத்து என்னும் நிலையிலிருந்து உயிரோடு ஒன்றிய உணர்வாக உயர்த்துகிறது. அவ்வுணர்வு பின்னர்த் தேரையின் மாளிகைக்கும் மாற்றப்படுகிறது. சிறுவளைக்காக எழுந்த இரக்கத்தைப் பெருமாளிகை பெற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, இனவேறுபாடு இயற்கையானது என்னும் தோற்றம். நம்பத்தகாதவை வீசல்களும் ஸ்டோட்டுகளும் எனக் கூறும்போது அது பிறவிக்குணம் போல் ஒலிக்கிறது. ஆனால் விலங்கியல் வகைப்பாட்டில் வீசல், ஸ்டோட், ஃபெரெட் ஆகியவற்றோடு வளைக்கரடியும் நீர்நாயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலும் வளைக்கரடி காட்டிலேயே வாழ்வது. குலமும் நிலமும் ஒன்றாயிருந்தும் அது எதிர்த்தரப்பின் தலைவனாக விளங்குவதால், எல்லைக்கோட்டை வகுப்பது பிறப்பு அன்று எனத் தெளியலாம். அதனை வகுப்பது மாளிகையோடு கொண்ட தொடர்பே.

எனினும் பனுவலில் பிளவுகள் சில தென்படுகின்றன. வீசல்கள் கூடத்தில் விருந்துண்ணத் தாம் மட்டும் குளிரில் காவல் நிற்பதாக ஸ்டோட்டுகள் முணுமுணுக்கின்றன. தோல்விக்குப் பின் வீசல்களோ பழியைத் தலைவன்மீதும் ஸ்டோட்டுகள்மீதும் சுமத்துகின்றன. காட்டுவிலங்குகள் ஒரே கூட்டம் அல்ல, அவற்றுக்குள்ளும் மேலோர் கீழோர் உண்டு என்பதை இவ்விடங்கள் ஒரு கணம் வெளிப்படுத்தி மறைகின்றன.

8. சந்தி விக்கிரகத்தோடு ஓர் ஒப்பீடு

பகைக்குழுக்களாக வாழும் விலங்குகளின் கதை தமிழ் வாசகர்க்குப் பஞ்சதந்திரத்தின் சந்தி விக்கிரகப் பகுதியால் அறிமுகமானது. ஆலமரத்தில் வாழும் காகங்களின் அரசன் மேகவர்ணன். கோட்டான்களின் அரசன் அரிமர்த்தனன். கோட்டான்கள் இரவில் தாக்கிக் காகங்களைக் கொல்கின்றன. காக அரசனின் முதிய அமைச்சன் தன்னினத்தால் துன்புறுத்தப்பட்டவன்போல் நடித்துப் பகைவரிடம் அடைக்கலம் புகுந்து, இறுதியில் அவர்கள் வாழும் குகைவாயிலில் சுள்ளிகளைக் குவித்துத் தீயிடச் செய்கிறான்.

வேடம், ஒற்று, பகைவர் இருப்பிடத்திற்குள் நுழைதல் ஆகியன இரு கதைகளுக்கும் பொது. ஆனால் இரு வேறுபாடுகள் முதன்மையானவை. பஞ்சதந்திரம் பகையின் தோற்றத்தைக் கூறுகிறது: கோட்டானைப் பறவைகள் அரசனாக்க முற்பட்டபோது காகம் இகழ்ந்து பேசித் தடுத்ததே அப்பகைக்கு வித்து. வெல்லும் தரப்பின் பழையபிழை அங்கு மறைக்கப்படவில்லை. மேலும் வெற்றியை அந்நூல் நீதியென்று கூறாமல் சூழ்ச்சியின் பயன் என்றே கற்பிக்கிறது. கிரஹாமின் நூலிலோ காட்டுவிலங்குகளின் குறை யாதென எங்கும் கேட்கப்படுவதில்லை. தேரை சிறைப்பட்டது தகும் என அவை பேசிக்கொண்டதாக மட்டும் அறிகிறோம். முன்னது வலிமையை வலிமையென்றே பெயரிட்டுக் காட்டுகிறது. பின்னது வலிமையை வீட்டன்பினுள் பொதிந்து தருகிறது.

9. மறுப்பும் விடையும்

மாளிகை சட்டப்படி தேரைக்கு உரியது. அதனை மீட்பதைக் கொள்ளையோடு ஒப்பிடுவது முறையாகாது என ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. வீசல்களின் செயல் நியாயமானது என இக்கட்டுரை வாதிடவில்லை. அவை வீட்டைக் கைப்பற்றியது தவறு; வீட்டைக் காத்தவர்களை அடித்ததும் தவறு. ஆயின் சட்டத்தை ஆதாரமாகக் கொள்ளும் மறுப்பு அதனை முழுமையாகக் கொள்ளவேண்டும். சட்டத்தால் மாளிகை தேரைக்கு உரியதெனின், அதே சட்டத்தால் தேரை சிறைக்கு உரியது. பனுவல் முதற்பாதியை ஏற்று மறுபாதியை மறக்கிறது. இறுதியில் சிறைக்காவலரின் மகளுக்குப் பரிசும், தப்பிச்செல்ல உதவிய ரயில் ஓட்டுநர்க்குக் கைம்மாறும் வழங்கப்படுகின்றன. படகுக்காரிக்குக் குதிரையின் விலை வளைக்கரடியின் வற்புறுத்தலால் தரப்படுகிறது. இழப்பீடு பெற்றோர் வரிசையில் வண்டியின் உரிமையாளர் இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதும் மன்றம் அன்று, நண்பர் குழுவே.

இவ்விடைவெளியை உணர்ந்தே ஜான் நீடில் 1981இல் ‘வைல்ட் வுட்’ என்னும் நாவலில் இக்கதையைக் காட்டுவிலங்கின் வாயால் மீண்டும் சொல்லவைத்தார். அதில் கதைசொல்லியாகிய பாக்ஸ்டர் என்னும் ஃபெரெட், உழைத்து உண்ணும் மாந்தனாகப் பெயரும் குடும்பமும் பெற்றுத் தோன்றுகிறது. மூலத்தில் பெயரின்றிக் கூட்டமாக நின்றோர் பெயர் பெற்றவுடன் கதையின் அறம் இடம்மாறுகிறது. பெயரிடலே ஏற்பின் முதல் உத்தி என்னும் மேற்கூறிய முடிவுக்கு இது படைப்புவழிச் சான்றாகும்.

10. முடிவுரை

குற்றக்குழுவின் ஐந்து அடையாளங்களும் ஆற்றங்கரை நிலத்தில் காணப்படுகின்றன. காவல், சட்டத்தை மீறிய நட்பு, ஆயுதம், மரியாதை ஆகிய நான்கும் வளைக்கரடியைச் சூழ்ந்த குழுவிடமே முழுமையாக அமைந்துள்ளன. சுங்கம் கேட்டல் என்னும் ஐந்தாவது எளிய முயலிடம் தோன்றி நகைப்பில் முடிகிறது. காட்டுவிலங்குகளிடம் வெளிப்படையாகத் தெரிவன ஆயுதமும் கூட்டமும் மட்டுமே. ஆகவே இந்நூலில் குற்றம் என்பது செயலின் பெயரன்று. மாளிகைக்கு வெளியே நிற்போர்க்கு இடப்படும் பெயர்.

நூலின் இறுதியில் நண்பர்கள் நால்வரும் அச்சமின்றிக் காட்டில் உலாவுகின்றனர். தாய் வீசல்கள் தம் குட்டிகளுக்கு அவர்களைச் சுட்டிக்காட்டுகின்றன. அடங்காத குட்டிகளை வளைக்கரடி வந்து பிடித்துச்செல்லும் என அச்சுறுத்துகின்றன. குழந்தைகளை விரும்பும் வளைக்கரடிக்கு இது பொருந்தாப் பழி என ஆசிரியர் புன்னகையோடு கூறுகிறார். ஆனால் வளைக்கரடியின் வீட்டு அடுப்பங்கரையை ஒருபோதும் காணாதோர்க்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே. சிறார்க்கு இந்நூலைப் பயிற்றுவிப்போர் ஆற்றின் அழகையும் நட்பின் இனிமையையும் எடுத்துரைப்பதோடு நில்லாமல், அக்குட்டிகள் இக்கதையைக் கேட்டால் எவ்வாறு கேட்கும் என்னும் வினாவையும் மாணவர்முன் வைக்கலாம். அவ்வினா நூலின் இன்பத்தைக் குறைப்பதில்லை. ஒரு கதைக்கு நாம் அளிக்கும் இசைவை நாமே அறிந்து அளிக்கப் பழக்குகிறது.